முதல் சந்திப்புக்கு முன்

கேள்வி: நானும் நண்பர்கள் இருவரும் தன்பாலீர்ப்பு ஆண்கள். பெருநகரில் டேட்டிங் செயலி வழியாகத்தான் துணை தேடுகிறோம். ஒருவன் போலிக் கணக்கை நம்பிப் பணத்தை இழந்தான். எப்படிச் சுதாரிப்பது?

பதில்: முதல் வேலையாக, செயலியில் தூரம் காட்டும் வசதியை அணையுங்கள். மூன்று இடங்களிலிருந்து உங்கள் தூரத்தைப் பார்த்தாலே வீட்டை ஏறக்குறையக் கணித்துவிடலாம். மற்ற சமூக ஊடகங்களில் போட்ட அதே படமும் வேண்டாம். அந்தப் படத்தை வைத்து இணையத்தில் தேடினால் உங்கள் பெயர் வந்து நிற்கலாம்.

சந்திக்கும் முன் 2 நிமிட வீடியோ அழைப்பு கட்டாயம். மூன்றாம் முறையும் 'கேமரா பழுது' என்றால் விட்டுவிடுங்கள். (கூச்சம் வேறு, சாக்கு வேறு. கூச்சக்காரர் குரலிலாவது பேசுவார்.) பகலில், ஆள்நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். கடைசி நேரத்தில் தனி அறைக்கு மாற்றினால் போகவே வேண்டாம். வழிப்பறிக் கும்பல்களின் பழைய தந்திரம் அது. இருப்பிடத்தை நண்பனுக்குப் பகிர்ந்து, எத்தனை மணிக்கு அவன் அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மிரட்டினால் பணம் தராதீர்கள். ஒருமுறை தந்தவரிடம்தான் திரும்பவும் வருவார்கள். உரையாடல், பணம் கேட்ட கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யுங்கள். அவசரத்தில் முதலிலேயே பிளாக் செய்தால் சில செயலிகளில் உரையாடலே மறைந்துவிடும், புகாருக்குச் சான்று இருக்காது.