டோப்பாலஜிகல் நிலையைக் கண்டுபிடிக்க குவாண்டம் பின்னல் ஏன் தேவை?

காந்தமா இல்லையா என்பதை ஒரு சிறு துண்டைச் சோதித்தே சொல்லிவிடலாம்; டோப்பாலஜிகல் நிலையில் ஏன் முடியாது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே ஒழுங்கு எந்த ஓர் இடத்திலும் இல்லை. துகள்கள் எல்லாம் சேர்ந்து பின்னிக்கிடக்கும் விதத்தில், அதாவது ஒன்றின் நிலையை மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத குவாண்டம் பின்னலில்தான் (entanglement) இருக்கிறது.

இயற்பியலாளர் கிட்டாயெவின் ‘டோரிக் கோட்’ (toric code) மாதிரியைப் பாருங்கள். ஒரு சதுர வலை, அதன் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு ஸ்பின், அதாவது மேலேயோ கீழேயோ நோக்கும் ஒரு நுண்காந்தம். கீழ்நோக்கிய ஸ்பின்களை இணைத்தால் மூடிய வளையங்கள் கிடைக்கும். சாத்தியமான எல்லா வளைய அமைப்புகளும் சம பங்கோடு கலந்ததுதான் அதன் தாழ்நிலை, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட நிலை. சரி, இப்போது நடுவில் ஒரு வட்டம் போடுங்கள். உள்ளே நுழைந்த வளையம் வெளியே வந்தே ஆக வேண்டும். அதனால் எல்லையை வெட்டும் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். இந்த ஒரே கட்டுப்பாட்டால், எல்லையின் நீளத்துக்கு ஏற்ப வரவேண்டிய பின்னல் என்ட்ரோபியில் (வட்டத்தின் உள்ளும் வெளியும் எவ்வளவு பின்னியிருக்கின்றன என்ற அளவில்) சரியாக ஒரு பிட் குறைகிறது. வட்டத்தைப் பெரிதாக்கினாலும் நெளித்தாலும் அந்தக் குறைவு மாறாது. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இது. கிட்டாயெவ், பிரெஸ்கில் ஒரு பக்கமும் லெவின், வென் இன்னொரு பக்கமுமாக டோப்பாலஜிகல் ஒழுங்கின் அடையாளமாக 2006-ல் காட்டியது இந்த மாறாத குறைவைத்தான்.

அப்புறம், இது வெறும் காகிதக் கணக்கல்ல. வலுவான காந்தப்புலத்தில் மிகக் குளிர்ந்த எலக்ட்ரான் படலத்தில் 1982-ல் கண்டறியப்பட்ட பின்ன (fractional) குவாண்டம் ஹால் விளைவில், எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கொண்ட துகள்கள் உலவுவதும் இத்தகைய பின்னலால்தான்.