சோகத்தைக் குறைக்காமல் எளிமையாக்குவது எப்படி?
கிட்டார் கேள்வி பதில்

கேள்வி: கிட்டார் கற்கத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. மனத்துக்கு மிகவும் நெருக்கமான ஒரு சோகப் பாட்டின் எளிய வடிவத்தைப் பழகி வருகிறேன். மூலத்தில் பல்லவிக்கு இ மைனர், டி சுரத்தை அடியில் வைத்த இ மைனர், சி, பி7 என்று நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) வருகின்றன. எளிய வடிவத்தில் அவை இ மைனர், ஜி, சி, டி என்று மாற்றப்பட்டிருக்கின்றன. கார்டுகள் பிசகாமல் விழுகின்றன. ஆனால் கேட்கிறவர்கள் "உற்சாகமாக இருக்கிறது" என்கிறார்கள். அழவைக்க வேண்டிய பாட்டு ஏன் இப்படி ஆனது?

பதில்: உங்கள் விரல்களில் குற்றமில்லை. எளிமையாக்கியவர் கத்தரிக்கக் கூடாத இடத்தில் கத்தரித்திருக்கிறார்.

மூல வடிவத்தின் ஒவ்வொரு கார்டிலும் கட்டைவிரல் மீட்டும் அடிச்சுரத்தை மட்டும் தனியே எடுத்து வாசித்துப் பாருங்கள். (தந்திகளை மெல்லியதிலிருந்து எண்ணுங்கள்; ஃப்ரெட் என்பது கழுத்தில் கம்பிகளால் பிரிக்கப்பட்ட கட்டம்.) நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் இ. அதே தந்தியை அழுத்தாமல் விட்டால் டி. ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் சி. அதற்கு அடுத்துக் கீழே, இரண்டாம் ஃப்ரெட்டில் பி. மைனர் ஸ்கேலில் இப்படி நான்கு படிகள் இறங்கிவரும் அடிச்சுர வரிசையை 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையமைப்பாளர்களே புலம்பல் பாட்டுகளுக்கு வழக்கமாகக் கையாண்டார்கள். இன்றுவரை அது அலுக்காமல் பயன்பட்டு வருகிறது. உங்கள் எளிய வடிவத்திலோ, ஜி கார்டு வந்தவுடன் கட்டைவிரல் ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு ஒரே தாவாகத் தாவிவிட்டு, அங்கிருந்து சி, டி என்று மேலே ஏறுகிறது. இறங்க வேண்டிய வரிசை ஏறத் தொடங்கினால் கேட்பவர்களுக்கு உற்சாகம் பிறப்பதில் வியப்பில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒதுக்கப்பட்ட அந்த இரண்டாவது கார்டுதான் நான்கிலும் மிக எளிது. இ மைனரைப் பிடித்திருக்கும் இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டு, நான்காம் தந்தி முதல் முதல் தந்தி வரை வெறுமனே மீட்டினால் டி, ஜி, பி, இ என்ற நான்கு சுரங்கள் கிடைக்கின்றன. கார்டு அவ்வளவுதான், இடக்கைக்கு வேலையே இல்லை. பெயர் நீளமாக இருப்பதால் கடினமாகத்தான் இருக்கும் என்று யாரோ முடிவு கட்டியிருக்க வேண்டும்.

பி7 கார்டை நீக்கியதற்காவது ஒரு நியாயம் சொல்லலாம். முழுமையாகப் பிடிக்க நான்கு விரல்களும் வேண்டும். ஆனால் அதற்குள் இருக்கும் டி ஷார்ப்பை, அதாவது நான்காம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டிவிரல் அழுத்தும் சுரத்தை, விட்டுக்கொடுக்க முடியாது. நம் இசைப் பயிற்சி உள்ளவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். இ சுரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், டி ஷார்ப் என்பது காகலி நிஷாதம். மற்ற சுரங்கள் நடபைரவி ராகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் கீரவாணி ராகம் தலைகாட்டுகிறது. ஸட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே நின்றுகொண்டு அதை எட்டத் துடிக்கும் அந்தச் சுரத்தில்தான் ஏக்கம் முழுவதும் இருக்கிறது. அதற்குப் பதிலாக டி மேஜரைப் போட்டால் கைசிகி நிஷாதம் வந்துவிடும். பாட்டு அமைதியாகி, துடிப்பு அடங்கிவிடும்.

ஆகவே பி7 கார்டை நீக்காமல் குறையுங்கள். நடுவிரலை ஐந்தாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும், ஆள்காட்டிவிரலை நான்காம் தந்தியின் முதல் ஃப்ரெட்டிலும், மோதிரவிரலை மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும் வைத்து, இரண்டாம் தந்தியைத் திறந்துவிட்டு, இந்த நான்கை மட்டும் மீட்டினால் போதும். முதல் தந்தி மட்டும் தவறியும் ஒலிக்கக் கூடாது. அது இ சுரம், டி ஷார்ப்போடு உராயும். சுண்டுவிரல் பழகிய பிறகு அதை முதல் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

வலக்கையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அடித்து வாசிக்கும் ஸ்ட்ரம்மிங் முறையாக இருந்தால், மேலே சொன்ன மாற்றங்களைச் செய்தாலும் அடிச்சுரம் கூட்டத்தில் கரைந்துபோகும். கட்டைவிரலுக்கு அடித்தந்தியையும், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றுக்கு முறையே மூன்றாம், இரண்டாம், முதல் தந்திகளையும் ஒதுக்கி, ஒவ்வொன்றாக மீட்டிப் பழகுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், மறுபடி நடு, ஆள்காட்டி என்று ஆறு மீட்டல்கள் கொண்ட சுற்று, ஆறு அட்சரமாக நடக்கும் பாட்டுகளுக்கு அப்படியே பொருந்தும். நான்கு மீட்டலில் முடியும் பாட்டுக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி என்று சுருக்கிக்கொள்ளலாம். மேலே சொன்ன சுருக்கிய பி7 வரும் இடத்தில் மட்டும் முதல் தந்தியைத் தொடாமல், ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் முறையே நான்காம், மூன்றாம், இரண்டாம் தந்திகளை மீட்டட்டும்; அப்போதுதான் டி ஷார்ப் ஒலிக்கும்.

கேள்வி: ஏ மைனரில் அமைந்த வேறொரு பாட்டில் எஃப் கார்டு வருகிறது. ஆள்காட்டிவிரலால் ஆறு தந்திகளையும் அழுத்தும் பாரே முறை எனக்குக் கைவரவில்லை. எஃப் மேஜர் 7 வாசித்தால் அது ஏமாற்று வேலையா?

பதில்: இல்லை. சோகப் பாட்டுக்குப் பல சமயங்களில் அதுவே மேலானது. ஏ மைனரிலிருந்து அதற்குப் போகும்போது ஆள்காட்டிவிரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும்; நடுவிரல் மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்கும், மோதிரவிரல் நான்காம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டுக்கும் நகர்ந்தால் கார்டு தயார். திறந்திருக்கும் முதல் தந்தியின் இ சுரம் அடியில் உள்ள எஃப் சுரத்தோடு இலேசாக உரசுவதால் ஒலியில் ஒரு கலக்கம் ஏற்படும். அந்தக் கலக்கத்தை நான் விரும்புகிறேன். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: அந்த இடத்தில் பாடகரின் குரல் எஃப் சுரத்தில் நின்றால், திறந்த இ அதோடு மோதும். அப்போது ஆள்காட்டிவிரலைச் சற்றுச் சாய்த்து முதல் இரண்டு தந்திகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஆறையும் அழுத்துவதைவிட அது எவ்வளவோ எளிது.

கேள்வி: ஒரு தாளில் "இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ, இ மைனர்" என்று இருக்கிறது, இன்னொன்றில் கேப்போ இல்லாமல் எஃப் ஷார்ப் மைனர் என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் ஒரே சுருதிதான். எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போ, ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் அரைச்சுரம் உயர்த்துகிறது; இ மைனரிலிருந்து இரண்டு அரைச்சுரம் ஏறினால் எஃப் ஷார்ப் மைனர். இரண்டாவது தாளைப் பின்பற்றினால் பெரும்பாலான கார்டுகளை பாரே முறையில்தான் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால் முதல் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடகரின் உயரம் உங்கள் குரலுக்கு எட்டவில்லை என்றால் கேப்போவைக் கழற்றிவிட்டு இ மைனரிலேயே பாடலாம். பாட்டு சற்றுக் கனத்துத் தோன்றும், அது நல்லதுதான். ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே கேப்போ போட்டால் ஒலி மெலிந்து, சோகப் பாட்டுக்கு வேண்டிய அடர்த்தி போய்விடுகிறது. மாட்டும்போது ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் மாட்டி, மாட்டிய பின் ஒருமுறை சுருதியைச் சரிபாருங்கள்; அழுத்தத்தால் தந்திகள் சற்று ஏறியிருக்கக்கூடும்.

கேள்வி: கார்டு மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவெளி விழுகிறது. வேகமான பாட்டுகளில் இது தெரிவதில்லை; மெதுவான பாட்டில்தான் அசிங்கமாகத் தெரிகிறது. மெதுவான பாட்டு எளிது என்றல்லவா சொன்னார்கள்?

பதில்: சொன்னவர்கள் மெதுவான பாட்டை வாசித்ததில்லை போலும். நிமிடத்துக்கு 60 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஒரு முழு விநாடி இருக்கிறது. அந்த வெறுமையில் சிறு தடுமாற்றமும் தனித்துக் கேட்கும். பலர் அதற்குப் பயந்து தம்மையறியாமல் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள், பாட்டின் குணமும் அதோடு போய்விடுகிறது. தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 50இல் வைத்து, இரண்டே கார்டுகளை மட்டும் மாற்றி மாற்றி வாசியுங்கள். நான்கு கார்டுகளையும் ஒன்றாகப் பழகினால் எந்த மாற்றத்தில் கை தடுக்குகிறது என்பது தெரியவே தெரியாது.

அனுபவசாலிகள் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். சுற்றின் கடைசி மீட்டலுக்கு முன்பே அவர்களுடைய இடக்கை அடுத்த கார்டுக்குக் கிளம்பிவிடும். அந்தக் கடைசி மீட்டல் திறந்த தந்தியில் விழும். திறந்த மூன்றாம் தந்தியின் ஜி சுரம் இ மைனர் கார்டுக்கும் சி கார்டுக்கும் பொதுவானது என்பதால் காதை உறுத்தாது. அதைவிடவும் சீக்கிரமாக விரல்களை எடுத்துவிட்டால், ஒலித்துக்கொண்டிருக்கும் தந்திகள் பட்டென்று அறுந்து நின்றுவிடும். எந்த நிலையிலும் வலக்கையை நிறுத்தாதீர்கள். தவறான சுரத்தை மன்னிக்கிற காது, நின்றுபோன தாளத்தை மன்னிப்பதில்லை.

கேள்வி: எனக்குப் பாட வராது. பாட்டின் மெட்டையும் கிட்டாரிலேயே கொண்டுவர இயலுமா? கார்டும் மெட்டும் ஒரே நேரத்தில் வாசிப்பது தொடக்கநிலையில் உள்ளவருக்குச் சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான், இரண்டையும் முழுமையாக வாசிக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டால். முதலில் மெட்டை மட்டும் முதல் மூன்று தந்திகளில் கண்டுபிடியுங்கள். மெட்டு அவற்றின் சுரங்களுக்குக் கீழே இறங்கினால் ஒரு ஸ்தாயி உயர்த்திக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் அடிச்சுரத்தோடு கலந்து எது மெட்டு என்பதே புரியாது. இ மைனர் இதற்கு வசதியான ஸ்கேல்; அந்தக் கார்டின் சுரங்களான இ, பி, ஜி மூன்றும் முதல் மூன்று தந்திகளில் அந்த வரிசையிலேயே திறந்த நிலையில் கிடைப்பதால், பாட்டு அந்தச் சுரங்களில் நிற்கும்போதெல்லாம் இடக்கைக்கு ஓய்வு கிடைக்கிறது. அடுத்ததாக, கார்டு மாறும் அடியில் மட்டும் கட்டைவிரலால் அடிச்சுரத்தைச் சேருங்கள். மெட்டும் அடிச்சுரமும் சேர்ந்தாலே காது மீதியை ஊகித்துக்கொள்ளும். பல நாட்கள் இதோடு நின்றாலும் நஷ்டமில்லை.

குரலுக்கும் தந்திக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருப்பதை இங்கே கவனிக்க வேண்டும். பாடகர் ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டினால் அது நிற்கும், வேண்டுமானால் வலுக்கவும் செய்யும். மீட்டிய தந்தியோ அந்தக் கணமே தேயத் தொடங்கிவிடும். நீண்ட கார்வைகள் வரும் இடத்தில் அதே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுவது பலர் செய்யும் வேலை. அது சோகத்தைக் கோபமாக்கிவிடும். அதற்குப் பதில் மெட்டுச் சுரத்தைச் சற்று அழுத்தமாக ஒருமுறை மீட்டிவிட்டு, அது தேயும் நேரத்தில் உள்தந்திகளை மிக மெல்ல ஒவ்வொன்றாக மீட்டி நிரப்புங்கள். குரல் குழைந்து ஏறும் இடங்களில் விரலை எடுக்காமல் நகர்த்தலாம்: முதல் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து மூன்றாம் ஃப்ரெட்டுக்கு வழுக்கிச் சென்றால், ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்குப் போகும் அந்த அரைச்சுரம் பாடுவதுபோலவே கேட்கும். இதைப் பல்லவிக்கு ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் வழுக்கினால் சலித்துவிடும்.

கேள்வி: இத்தகைய பாட்டுகளுக்கு நைலான் தந்தி நல்லதா, ஸ்டீல் தந்தி நல்லதா?

பதில்: உங்களிடம் எந்தக் கிட்டார் இருக்கிறதோ அதற்குரியது. நைலானின் ஒலி மென்மையானது, விரலுக்கும் இதமானது. ஸ்டீல் அதிக நேரம் ஒலிக்கும், ஆகையால் நீண்ட கார்வைகளுக்கு உதவும். நைலான் தந்திக்காகச் செய்யப்பட்ட கிளாசிக்கல் கிட்டாரில் மட்டும் ஸ்டீல் தந்தியை மாட்டிவிடாதீர்கள். அதன் இழுவிசை மிக அதிகம் என்பதால் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வரக்கூடும்.