விசுவாசத்தைச் செயலில் காட்டுவது எப்படி? வெளியே தெரிந்தால் பெருமை ஆகிவிடாதா?

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிதான் நல்ல மனசுள்ள நிறைய பேரைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. மலைப் பிரசங்கத்திலேயே இரண்டும் வருகிறது. மத்தேயு 5:16-ல், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் காணட்டும் என்கிறார் இயேசு. அடுத்த அதிகாரத்திலேயே வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். ஆனால் 5-ம் அதிகாரத்தில் பார்க்கிறவர்கள் மகிமைப்படுத்துவது பரலோகப் பிதாவை. 6-ல் அவர் கண்டிப்பது, நாலு பேர் நம்மைப் புகழ வேண்டும் என்பதற்காகவே செய்யும் தர்மத்தை. பெருமை வந்துவிடுமோ என்று பயந்து நல்லதையே செய்யாமல் விட்டுவிடச் சொல்லி எந்த வசனமும் இல்லை.

என்னைக் கேட்டால், விசுவாசம் முதலில் தெரிய வேண்டிய இடம் கொடுக்கல் வாங்கல். லூக்கா 19-ல் வரி வசூலிப்பவனான சகேயு, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னதோடு நிறுத்தவில்லை. அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். முதல் பாதியைச் சந்தோஷமாகப் பிரசங்கிக்கிறோம், இரண்டாவதை மெல்லக் கடந்துவிடுகிறோம். கூலியைப் பொழுது சாயும் முன்பே கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24:15. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. வீட்டு வேலை செய்கிற அம்மாவைச் சம்பளத்துக்காக வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்க வைத்துவிட்டு ஆராதனையில் கை உயர்த்தி நிற்பது எனக்குத் தாங்க முடியாத வேதனை.

அப்புறம், உடல் உழைப்பு. எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். மேடையேறிச் சாட்சி சொன்னதே இல்லை, ஜெபமும் இரண்டே வாக்கியத்தில் முடிந்துவிடும். படுத்த படுக்கையாக இருக்கும் வேறு மதத்துப் பாட்டி ஒருவரை வாரம் தவறாமல் போய்ப் பார்ப்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டியின் பாதங்களை ஊற வைத்து, துடைத்து, கால் நகங்களை வெட்டிவிட்டார். வயதானவர்களின் நகம் கெட்டியாக இருக்கும், அவசரப்பட்டால் சதையில் பட்டுவிடும். ஒவ்வொரு விரலாக வெட்டிக்கொண்டே, பாட்டி பலமுறை சொல்லிவிட்ட கதையைப் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார். கிளம்பும் முன் விரிப்பின் சுருக்கங்களை இழுத்துவிட்டார், சுருக்கம் உறுத்தினால் படுக்கைப் புண் வந்துவிடுமாம். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13-ஐ எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். இன்னொருவரின் பாதத்தைக் கையில் எடுப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது.

ஆதி சபையில் இருந்த தொற்காள் என்ற பெண் பேசிய ஒரு வார்த்தைகூட வேதாகமத்தில் இல்லை. அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது, அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் துணிமணிகளையும்தான் (அப்போஸ்தலர் 9). ரோமப் பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவத்தை எதிர்த்தவர். 362 வாக்கில் எழுதப்பட்டதாக அவர் பெயரில் கிடைத்திருக்கும் கடிதம் ஒன்றில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் ஆதரிக்கிறார்களே என்ற ஆதங்கம் இருக்கிறது. எதிர்ப்பவர் கண்ணிலும் பட்டது அதுதான்.

இதையெல்லாம் செய்து இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது. அது கிருபை என்று எபேசியர் 2:8 தெளிவாகவே சொல்கிறது. நற்கிரியைகள் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அதே அதிகாரத்தின் 10-ம் வசனம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்றார் இயேசு (மத்தேயு 5:23-24). பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் ஒரு உறவு, திருப்பித் தராத ஒரு கடன், இப்படி ஏதாவது ஒன்று உங்களுக்கே ஞாபகம் வரும். கடனை மொத்தமாக அடைக்க முடியாவிட்டால், எப்போது எவ்வளவு தர முடியும் என்று நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.