சாட்சிகளின் கைகள் முந்தி

கேள்வி: தூக்குத் தண்டனை கூடாது என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ஆதியாகமம் 9:6-ம் ரோமர் 13:4-ம் உங்கள் வேதாகமத்தில் இல்லையா? எங்கள் சபையில் ஒரு கொலைக் கைதிக்காக ஜெபிக்கச் சொல்கிறார்கள். செத்தவனுக்காக யார் அழுவது?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இருக்கின்றன ஐயா. இரண்டுக்கும் அடிக்கோடு போட்டே வைத்திருக்கிறேன். உங்கள் கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனால் வசனத்தைக் கையில் எடுத்தால் பாதியில் கீழே வைக்கக்கூடாது.

மனிதனின் இரத்தத்தைச் சிந்தியவனின் இரத்தமும் சிந்தப்படும் என்று ஆதியாகமம் பேசுவது கொலை செய்தவனைப் பற்றி. நம் மலேசியாவில் தூக்குக்குக் காத்திருந்த ஆயிரத்துக்கும் அதிகமானோரில் பெரும்பாலோர் யாரையும் கொன்றவர்கள் அல்லர். போதைப்பொருள் வழக்கில் சிக்கியவர்கள். 15 கிராம் ஹெராயின் பிடிபட்டால், கடத்தத்தான் வைத்திருந்தாய் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவன் பாடு. நாலு தேக்கரண்டிச் சீனியின் எடைகூட வராது அது. 1983 முதல் நீண்ட காலம், குற்றம் உறுதியானால் நீதிபதிக்குத் தூக்கைத் தவிர வேறு வழியே இல்லை.

மோசேயின் சட்டம் இதைவிடக் கறாரானது. உபாகமம் 17-ஐ எடுத்துப் பாருங்கள். ஒரே சாட்சியின் வாக்கை வைத்து யாரையும் கொல்லக்கூடாது. இரண்டு மூன்று பேர் வேண்டும். கொல்லும்போது “சாட்சிகளுடைய கைகள் முந்தி” விழவேண்டும். யார் சொல்லால் ஒருவன் சாகிறானோ, அவனே முதல் கல்லை எடுத்து எறியவேண்டும். அந்தக் கல்லின் கனத்தை ஒரு நிமிடம் உங்கள் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள் ஐயா.

சரி, ரோமர் 13. “பட்டயத்தை அவன் விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை.” ஆளுகிறவன் வாளை வீணாக ஏந்தவில்லை என்று பொருள். அரசுக்குத் தண்டிக்கும் அதிகாரம் உண்டு, நான் மறுக்கவில்லை. தாமஸ் அக்குவினாஸ், லூத்தர், கால்வின் என்ற இறையியல் அறிஞர்கள் மூவரும் மரண தண்டனையை ஏற்றவர்கள்தான். கத்தோலிக்கத் திருச்சபையே 2018-ல்தான் அதை ‘ஏற்கவே முடியாதது’ என்று தன் மறைக்கல்வி நூலில் திருத்தி எழுதியது. ஆனால் அதே கடிதத்தில், சற்று முன்னால்தான், “பழிவாங்குதல் எனக்குரியது” என்ற வசனமும் இருக்கிறது. பட்டயத்தைப் பற்றி எழுதிய பவுலின் தலையை வெட்டியதும் ரோமாபுரியின் பட்டயம்தான் என்று சபை வழிவழியாகச் சொல்லி வருகிறது.

செத்தவனுக்காக யார் அழுவது என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்த வரி அது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆயர் அகுஸ்தீனாரின் குருக்களில் ஒருவரை எதிர்க் கூட்டத்தார் கொன்றார்கள். இன்னொருவரின் கண்ணைப் பிடுங்கி விரலை வெட்டினார்கள். செய்தவர்கள் ஒப்புக்கொண்டும் விட்டார்கள். அகுஸ்தீனார் ரோம அதிகாரியான மார்செல்லினுசுக்குக் கடிதம் எழுதினார்: எங்கள் ஊழியர்கள் பட்ட வேதனைக்காக அவர்களுக்கும் அதையே செய்துவிடாதீர்கள். சொந்த வீட்டில் இழவு விழுந்தவர் எழுதிய கடிதம் அது.

2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இங்கே இல்லை. தூக்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது, தீர்மானிப்பது நீதிபதி. கொலை வழக்கில் தூக்குக்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டுச் சிறை, குறைந்தது 12 பிரம்படி. பிரம்படியைப் பற்றி நம் சபைகளில் பேச்சே எழுவதில்லை, அது எனக்கு வருத்தம். உபாகமம் 25-ல் அடி வாங்கும்வரை அவன் ‘குற்றவாளி’. அதிகம் அடிக்காதே என்று சொல்லும் இடத்தில் அவனே ‘உன் சகோதரன்’ ஆகிவிடுகிறான்.

எங்கள் சபையில் ஓர் அம்மா இருந்தார். மகன் உள்ளே. கடைசிப் பெஞ்சில் உட்காருவார், போதகர் ஆசீர்வாதம் சொல்லக் கை தூக்கும்போதே செருப்பைத் தேடிப் புறப்பட்டுவிடுவார். வாசலில் யாராவது “தம்பி எங்கே?” என்று கேட்டுவிடக்கூடாதே என்றுதான். கொல்லப்பட்டவரின் அம்மாவும் இன்னொரு சபையில் அப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் போய்க்கொண்டிருப்பார்.

ஆகவே உங்கள் போதகரிடம் போங்கள். ஞாயிறு ஜெபக் குறிப்பில் கைதியின் பெயருக்கு மேலே, கொல்லப்பட்டவரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அந்த வீட்டுக்கு நீங்களே ஒருமுறை போய்வாருங்கள்.