முன்னோட்டத்தில் அடர்த்தி, ரெண்டரில் உச்சந்தலை

வணக்கம் அண்ணா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தமிழ்ப்பள்ளிக்காக பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு குறும்படம் செய்கிறோம். விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரம் சீவப் போகும் தோட்டத்துப் பெண், எண்ணெய் தடவிய ஒற்றைப் பின்னல். மெட்டீரியல் பிரிவியூ என்ற முன்னோட்டத்தில் முடி அடர்த்தியாகப் பளபளக்கிறது. பிளெண்டரின் சைக்கிள்ஸ் முறையில் ரெண்டர் செய்து இறுதிப் படம் எடுத்தால் உச்சந்தலை தெரிகிறது, பின்னல் நுனி கரைந்துவிடுகிறது, நிறம் கரிக்கட்டை மாதிரி ஆகிறது. தாய் முடி 2000, சில்ட்ரன் (ஒவ்வொரு தாய் முடிக்கும் முளைக்கும் கிளை முடி) 10, ரேடியஸ் ஸ்கேல் (முடித் தடிமன்) 0.00008, ரெண்டர் ஸ்டெப்ஸ் (முடியைத் துண்டாக்கும் அளவு) 6. சில்ட்ரனை 500 ஆக்கினேன். கணினி நின்றே போனது. என்ன செய்வது?

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எண்களோடு எழுதியதால் பதில் சொல்வது எளிது. முடியை அவ்வளவு கூட்ட வேண்டியதில்லை, முக்கியமாகத் தடிமனைத்தான் மாற்ற வேண்டும்.

ரெண்டர் அமைப்பில் கர்வ்ஸ் வடிவம் ஸ்ட்ராண்ட் என்று இருந்தால், பிரிவியூ ஒவ்வொரு முடியையும் ஒரு பிக்சல் அகலக் கோடாக வரைகிறது. நீங்கள் கொடுத்த தடிமனை அது பார்ப்பதே இல்லை. மவுஸ் சக்கரத்தை உருட்டித் தலைக்கு அருகில் போய்ப் பாருங்கள்: கோடு தடிக்காது, இடைவெளிதான் பெரிதாகும், பிரிவியூவிலேயே உச்சந்தலை தெரியும். தள்ளிப் போனால் மறுபடி அடர்த்தி வந்துவிடும்.

சைக்கிள்ஸ் உண்மையான தடிமனை அளக்கிறது. 25 செ.மீ. உயரத் தலை படத்தில் 900 பிக்சலை நிரப்பினால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.28 மி.மீ. உங்கள் 0.00008 மீட்டர் கணக்கில் 0.08 மி.மீ.; மனித முடியின் அளவு அதுதான், தப்பில்லை. ஆனால் பிரிவியூ காட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட ரெண்டருக்கு வராது. மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது, உங்களிடம் இருப்பது 20,000. மெல்லிய முடியும் குறைந்த எண்ணிக்கையும் சேர்ந்தால் உச்சந்தலை தெரியத்தான் செய்யும்.

சில்ட்ரனை 25 ஆக்குங்கள், மொத்தம் 50,000 வரும். ரேடியஸ் ஸ்கேலை 0.00015 ஆக்குங்கள். ஹேர் ஷேப்பில் டிப் என்பது இயல்பாகவே 0. அதாவது முடி நுனிக்குப் போகப் போக ஒன்றுமில்லாமல் தேய்கிறது. நுனி கரைவதற்குக் காரணம் அதுதான், 0.3 கொடுங்கள். முடி முளைக்கும் இடத்தில் தலைத்தோலின் டெக்ஸ்சரில் (மேற்பரப்பு வண்ணப் படத்தில்) கரும்பழுப்பு பூசிவிடுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான்.

கணினி நின்றதற்குக் காரணம் பெருக்கல். 2000 தாய் முடிக்கு 500 வீதம் 10 லட்சம் முடி. ஸ்டெப்ஸ் என்பது இரண்டின் அடுக்கு: 6 என்றால் ஒவ்வொரு முடியும் 64 துண்டு. மொத்தம் 6.4 கோடித் துண்டுகள். நினைவகம் எப்படித் தாங்கும்? பின்னலின் வளைவுக்கு 5 போதும். தலைமுடியையும் பின்னலையும் தனித்தனிப் பார்ட்டிகல் அமைப்பாக (முடியை முளைக்க வைக்கும் அமைப்பாக) வைத்திருந்தால் தலைக்கு 3 போதும். வேலை செய்யும் திரையான வியூபோர்ட்டில் ஸ்டெப்ஸ் இயல்பாக 2, அதாவது நான்கே துண்டு. பின்னல் அங்கே முறுக்கு உடைந்து தெரிந்தால் கவலைப்படாதீர்கள்.

தலைக்கு வடிவத்தை மழமழப்பாக்கும் சப்டிவிஷன் போட்டிருந்தால் வியூபோர்ட், ரெண்டர் இரண்டிலும் ஒரே அளவு வையுங்கள். வேறுபட்டால் முடி முளைக்கும் இடமே நகர்ந்துவிடும்.

அடுத்து நிறம். மெட்டீரியல் பிரிவியூ உங்கள் காட்சியின் விளக்குகளை எடுத்துக்கொள்வதில்லை. தனக்குள் இருக்கும் ஸ்டூடியோ ஒளியில்தான் காட்டுகிறது. ஷேடிங் பட்டியைத் திறந்து சீன் லைட்ஸ், சீன் வேர்ல்ட் இரண்டையும் இயக்கினால் உண்மை நிலை தெரியும். உங்கள் காட்சி விடியுமுன் நடப்பது. நெற்றி விளக்கு முன்னோக்கி மரப்பட்டையில் விழுகிறது. அங்கிருந்து திரும்பும் வெளிச்சம் முகத்தோடு சரி, முதுகில் கிடக்கும் பின்னலுக்கு வராது. கறுப்பு முடி ஒளியை விழுங்கும். நாம் பார்ப்பது அதன் மினுக்கத்தை மட்டுமே. பெண்ணுக்குப் பின்னால், தோளுக்கு மேலே, மெல்லிய நீல ஏரியா லைட் ஒன்று வையுங்கள். முடிக்கான மெட்டீரியலான பிரின்சிபிள்டு ஹேரில் மெலனின் 1.0 முழுக் கறுப்பு, 0.9 வைத்தால் விளிம்பில் லேசாகப் பழுப்பு ஓடும், நம் முடிக்கு அதுதான் அழகு. எண்ணெய்ப் பளபளப்புக்கு ரஃப்னஸை (சொரசொரப்பை) 0.3இலிருந்து 0.2க்கு இறக்குங்கள்.

படத்தின் புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸ் போட்டபின் முடி தூரிகையால் இழுத்ததுபோல் ஆனால் சாம்பிள் (ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியை அளக்கும் முறைகள்) போதவில்லை என்று பொருள். அதைக் கூட்டுங்கள், மேற்பரப்பின் நிறத்தையும் திசையையும் சொல்லும் ஆல்பிடோ, நார்மல் பாஸ்களையும் டீநாய்ஸுக்குக் கொடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுப்படம் ரெண்டர் செய்ய வேண்டாம். கேமரா பார்வையில் Ctrl+B அழுத்திப் பின்னலைச் சுற்றி மட்டும் கட்டம் போட்டு, ரெண்டர் செய்யுங்கள். ரெசல்யூஷன் 100 விழுக்காட்டிலேயே இருக்கட்டும்; 50க்கு இறக்கினால் ஒரு பிக்சலின் அகலத்தில் இரு மடங்கு முடி விழுந்து எல்லாம் கலந்து தெரியும், அதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு ஃபிரேம் சரியானதும் அடுத்தடுத்த 10 ஃபிரேம்களை எடுத்து ஓட்டிப் பாருங்கள். மெல்லிய முடி நின்ற படத்தில் நன்றாக இருந்து ஓடும்போது மினுமினுக்கும். அப்படி மினுமினுத்தால் ஸ்கேலை 0.0002 வரை ஏற்றுங்கள், சில்ட்ரனைத் தொடாதீர்கள்.