ஒருசந்தியில் மிச்சமாவது எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

தவக்காலம் முழுக்க, ஞாயிறு உட்பட, காலையில் பட்டினி இருக்கிறேன். மதியம் வயிறு முட்டச் சாப்பிடுகிறேன். பதினொரு மணிக்கே தலைவலி வந்து பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரையும் உண்டு. இது நோன்புதானா?

வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரை. சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அந்தத் தலைவலியும் எரிச்சலும் அதனாலேயே வரலாம். மருத்துவரைக் கேட்காமல் காலை உணவை விடாதீர்கள். நோயாளிகளைத் திருச்சபை கட்டாயப்படுத்துவதில்லை. காபியையும் சட்டென்று நிறுத்தியிருந்தால் அதுவும் தலைவலி தரும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்பே குறைத்து வந்திருக்க வேண்டும்.

சட்டம் கேட்பது நீங்கள் செய்வதைவிடக் குறைவு. ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுதாக உண்ணும் நோன்பு, கட்டாயமான நாள்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான். அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60ஆம் வயது தொடங்கும்வரை. முழுச் சாப்பாடு ஒன்று, காலையிலும் இரவிலும் கொஞ்சம். ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பில்லை. சாம்பல் புதன் முதல் புனித சனி வரை 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40 வரும்.

சுத்தபோசனத்தில் இறைச்சிக்குத்தான் தடை, மீனுக்கு இல்லை. அதற்காக வெள்ளிக்கிழமை இறால் தொக்கு வைத்துவிட்டுச் சட்டத்தை மீறவில்லை என்று சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சரி, மீறவில்லைதான்!

உங்கள் நோன்பில் இடறுவது மதியச் சாப்பாடு. காலையில் விட்டதை அப்போது சேர்த்து உண்டால் மிச்சம் எதுவும் இல்லை. அந்த மிச்சம்தான் தர்மமாகப் போக வேண்டும். மத்தேயு 6இல் இயேசு தர்மம், செபம், நோன்பு மூன்றையும் அடுத்தடுத்துப் பேசுகிறார். 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எர்மாவின் ‘மேய்ப்பர்’ என்ற பழைய கிறிஸ்தவ நூல் இன்னும் கறார்: நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும், உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கோ அநாதைக்கோ கொடுத்துவிடு என்கிறது.

ஆகவே வேளையை விடாதீர்கள், ருசியை விடுங்கள். மூன்று வேளையும் அளவாக. கறி, பலகாரம், இரவுத் தொடர் வேண்டாம். தொடர் பார்க்கும் அரைமணி நேரம் நற்செய்தி வாசிப்புக்கு. கறிக்கடைக்குப் போகும் பணத்தை ஓர் உறையில் போட்டு, வாராவாரம் தேவைப்படுகிற ஒரு வீட்டில் கொடுத்துவிடுங்கள். சேர்த்து வைத்தால் அது பாஸ்கா பிரியாணிக்குப் போய்விடும்.