மொரீஷியஸ் அச்சகத்தில் தைப்பூச மலர் அடிக்கக் கொடுக்கிறோம். தமிழ் எழுத்து உடையாமல் வர கோப்பை எப்படித் தயார் செய்வது?

கேள்வியில் இருப்பது இவ்வளவு: கோவில் காவடி விழாவுக்கு ஏ5 அளவில் 24 பக்க மலர், தனி அட்டை, 500 பிரதி, பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. சென்ற முறை 'கோவில்' என்ற சொல்லே கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக அச்சாகியிருக்கிறது. அட்டையின் காவி நிறம் செங்கல் நிறமாகிவிட்டது. இரண்டுமே தவிர்க்கக்கூடியவை.

எழுத்தை முதலில் பார்ப்போம். போர்ட் லூயியிலோ காத்ர் போர்னிலோ அச்சகத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறவர். பிரெஞ்சுச் சொல்லில் ஒரு எழுத்து விழுந்தால் அவர் கண்ணிலேயே படும். தமிழில் புள்ளி காணாமல் போனாலும் கொம்பு இடம் மாறினாலும் அவருக்கு அது கோலம் மாதிரிதான். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழைப் பார்க்க அங்கே ஆள் கிடையாது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். கோப்பு உங்கள் கையை விட்டுப் போகும்முன் எழுத்து அசையாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

உடைவதற்குக் காரணம் இதுதான். யுனிகோடில் 'கோ' என்பது முதலில் க, பிறகு ஓகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, இரட்டைக்கொம்பைக் ககரத்துக்கு முன்னால் நகர்த்தி, காலைப் பின்னால் வைப்பது மென்பொருளின் வேலை. ஐரோப்பிய மொழிகளுக்கான அமைப்போடு ஓடும் இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வடிவமைப்பு மென்பொருள்கள் இதைச் செய்யாமல், வந்த வரிசையிலேயே வைத்துவிடும். இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மூலை மெனுவைத் திறந்து 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' (எழுத்துகளை வரியில் அடுக்கும் பொறி) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் விருப்பங்களில் எழுத்துப் பகுதிக்குப் போய் இந்திய மொழி வசதியைக் காட்டும்படி டிக் போட்டு, பிறகு பத்திப் பலகத்தில் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். பிரெஞ்சுப் பதிப்பில் பெயர்கள் பிரெஞ்சில் இருக்கும், இடம் அதேதான். இந்த அமைப்பு பத்திக்குப் பத்தி ஒட்டிக்கொள்வது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேறு கோப்பிலிருந்து ஒட்டிய பத்தி தன் பழைய அமைப்போடு வந்து சேரும், அந்த ஒரு பத்தி மட்டும் உடையும். பாராகிராஃப் ஸ்டைலுக்குள்ளேயே வைத்துவிட்டால் தொல்லை இல்லை. ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் 1.4 பதிப்பைத் தமிழுக்குத் தொடவே வேண்டாம். 1.6 சரியாக வரும்.

சோதிக்க ஒரு வரி போதும்: கொ கோ கௌ பெ ணை ஸ்ரீ க்ஷ ஞ்ஞூ. பயன்படுத்தும் ஒவ்வொரு எழுத்துருவிலும், ஒவ்வொரு ஸ்டைலிலும் இந்த வரியைத் தட்டிப் பாருங்கள். 'ஸ்ரீ'யில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதை ஸகரம் கொண்டும் எழுதலாம், 2005-இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரம் கொண்டும் எழுதலாம். சில எழுத்துருக்கள் ஒன்றை மட்டும்தான் சேர்த்துக் காட்டும், மற்றது ஸ், ரீ என்று பிரிந்து நிற்கும். சாமி பெயருக்கு முன்னால் வருவது என்பதால் அட்டையிலேயே பல்லிளிக்கும்.

கோவிலின் பழைய கணினியில் இருக்கும் தோத்திரப் பாட்டுகள் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அவை உண்மையில் ரோமன் எழுத்துகள், தமிழ் முகமூடி போட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்று ரோமன் எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் பக்கம் கட்டத் தொடங்க வேண்டும். மாற்றிய பின் ஒருமுறை முழுவதும் படியுங்கள். காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும், ஔகாரக் குறியின் பின்பாதி தனி ளகரமாகப் பதிவாகியிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், எழுத்துருவை மாற்றும்போது பல்லைக் காட்டும்.

வடிவமைப்பவருக்கு நாலு வார்த்தை சொல்லிவைக்க வேண்டியவை: தமிழுக்கு எழுத்திடைவெளியைக் கூட்டக் கூடாது, கொம்பு தன் எழுத்தை விட்டு விலகிவிடும். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லையென்றால் கோடு சேர்த்துச் செயற்கையாகத் தடிக்க வைக்கக் கூடாது, ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும். பிரெஞ்சுக்குப் போதும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. 10 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்துக்கு 15 புள்ளி இடைவெளி விட்டால் மேல்வரியின் ழகர வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டாது. கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் 9 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள், மெல்லிய எழுத்துருவும் வேண்டாம். மை சற்றே பரவினாலும் மெய்யெழுத்தின் புள்ளி மூடி, 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். எழுத்துரு தேடுகிறீர்களென்றால் நோட்டோ தமிழ் குடும்பம் இலவசம், எடைகளும் (மெல்லியது முதல் தடித்தது வரை) நிறைய உண்டு, உரிமச் சிக்கலும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் அச்சகத்துக்குப் போக வேண்டியது பிடிஎஃப் மட்டுமே. வேர்டு கோப்போ இன்டிசைன் கோப்போ கொடுத்தால் அங்கே இல்லாத எழுத்துரு, அங்கே அணைந்திருக்கும் கம்போசர் என்று மறுபடி முதலிலிருந்து. அச்சுக்கென்றே வகுத்த பிடிஎஃப் வகைகளில் பிடிஎஃப்/எக்ஸ்-4 வேண்டுமா, எக்ஸ்-1ஏ வேண்டுமா என்று அச்சகத்தைக் கேளுங்கள். இரண்டிலும் எழுத்துரு உள்ளே பதிந்தே ஆக வேண்டும். அட்டைத் தலைப்பை மட்டும் எழுத்துருவே தேவைப்படாத வெளிக்கோட்டு வடிவமாக மாற்றிக்கொள்ளலாம். உள்பக்கப் பத்திகளுக்கு அது தேவையில்லை, மாற்றினால் சிறு எழுத்து சற்றுத் தடித்துத் தெரியலாம்.

பூட்டிய கோப்பையும் திறக்கவைக்கும் ஒரு சந்தர்ப்பம் வரும். கடைசி நாளில் யாராவது ஒரு நன்கொடையாளர் பெயரை மாற்றச் சொல்வார். அச்சக ஊழியர் உதவும் எண்ணத்தில் "ஒரு பெயர்தானே, நானே போட்டுவிடுகிறேன்" என்பார். பிடிஎஃபை இல்லஸ்ட்ரேட்டரில் திறந்த அந்த நொடியில் அந்தப் பக்கத்தின் தமிழ் முழுவதும் கலையக்கூடும், அவருக்கு அது தெரியவும் தெரியாது. நன்றி சொல்லி மறுத்துவிட்டு, மூலக் கோப்பில் நீங்களே திருத்தி அந்தப் பக்கத்துக்குப் புதிய பிடிஎஃப் அனுப்புங்கள். கோப்பின் பெயரில் தேதியும் எண்ணும் இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்று இரண்டு கோப்பு போனால் பழையதுதான் அச்சுத் தகட்டில் ஏறும்.

இனி நிறம். திரையில் ஒளிரும் காவியை நான்கு மையால் அப்படியே கொண்டுவர முடியாது, ஆனால் செங்கல் நிறமாகவும் தேவையில்லை. திரைக்கான ஆர்ஜிபி நிறக் கோப்பை மென்பொருள் தானாக அச்சுக்கான சிஎம்ஒய்கேக்கு (சயான், மஜெந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மை) மாற்றும்போது காவியில் கொஞ்சம் சயானோ கருப்போ கலந்துவிடும். ஆரஞ்சில் அழுக்கு ஏறுவது அங்கேதான். தட்டையான வண்ணப் பரப்புகளுக்கு எண்ணை நீங்களே இடுங்கள்: காவிக்கு மஜெந்தா 60, மஞ்சள் 100, மற்ற இரண்டும் சுழியம். குங்குமத்துக்கு மஜெந்தா 100, மஞ்சள் 100, வேண்டுமானால் கருப்பு 10. மயில்நீலம் எப்படியும் திரையைவிட ஒரு படி மங்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வேலின் பொன்னிறத்தை நான்கு மையில் எதிர்பார்த்தால் கடுகு மஞ்சள்தான் கிடைக்கும். உண்மையான மினுக்கு வேண்டுமென்றால் பான்டோன் 871 போன்ற உலோக மையைத் தனி நிறமாகவோ பொன் ஃபாயிலாகவோ கேளுங்கள். ஃபாயில் படும் இடத்தைக் கோட்டு வடிவமாக, தனி நிறப் பெயரில் கொடுக்க வேண்டும். அட்டைக்கு மட்டும் செய்தால் போதும், செலவு அதற்கேற்ப இருக்கும்.

உடல் எழுத்து முழுவதும் கருப்பு 100 மட்டுமாக இருக்கட்டும். வேர்டிலிருந்து வந்த கருப்பு நான்கு மையாகப் பிரிந்திருந்தால், தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலே எழுத்தைச் சுற்றி சிவப்பும் நீலமும் நிழலாடும். அக்ரோபாட்டில் வெளியீட்டு முன்னோட்டத்தைத் திறந்து கருப்புத் தகட்டை மட்டும் அணைத்துப் பாருங்கள். பத்திகள் முழுவதுமாக மறைந்தால் சரி, சாம்பல் நிழலாக மிஞ்சினால் நான்கு மை கலந்திருக்கிறது. அட்டையில் பெரிய கரும்பரப்பு இருந்தால் அதற்கு மட்டும் சயான் 60, மஜெந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 என்று கொடுங்கள். மொத்தம் 240 விழுக்காடுதான், காய்வதில் சிக்கல் வராது.

படங்களில் பெரிய எதிரி வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் நீளப் பக்கத்தை வழக்கமாக 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அது 13.5 சென்டிமீட்டர் நீளத்துக்குத்தான் போதும். விளிம்பு வரை போகும் ஏ5 பக்கத்துக்கு 1819 × 2551 பிக்சல் வேண்டும். தேர்ப் படம் எடுத்தவரிடம் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய மலரில் அச்சான படத்தை ஸ்கேன் செய்து போட்டால் அச்சுப் புள்ளிமேல் புள்ளி விழுந்து அலைக்கோடுகள் தெரியும். எந்த வீட்டிலாவது மூலப் புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதுதான் மேல்.

பக்க அளவு 148 × 210 மில்லிமீட்டர். நிறமோ படமோ விளிம்பைத் தொட்டால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும், ஆக 154 × 216. அங்கே இதை 'ஃபோன் பெர்தூ' என்பார்கள். எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 8 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும், 24 சரி. மடித்த தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதால் நடுத்தாள் முக்கால் மில்லிமீட்டர் வரை வெளியே தள்ளி வெட்டுப்படும், பக்க எண்ணை ஓரத்தில் ஒட்டி வைத்தால் அங்கே தெரிந்துவிடும். பிடிஎஃபில் பக்கங்களை ஒற்றை ஒற்றையாகக் கொடுங்கள். 24-ஐயும் 1-ஐயும் பக்கத்தில் வைத்து நீங்களே அடுக்கிக் கொடுத்தால் அவர்கள் அதைப் பிரிக்க வேண்டிவரும்.

விலை கேட்கும்போது, அதாவது 'தெவி' வாங்கும்போது, தொலைபேசியில் "ஒரு சின்னப் புத்தகம்" என்று சொன்னால் மூன்று அச்சகம் மூன்று பொருளுக்கு விலை சொல்லும், ஒப்பிடவே முடியாது. எல்லோருக்கும் ஒரே வாசகத்தை எழுத்தில் அனுப்புங்கள்: மூடிய அளவு ஏ5 நிமிர்ந்தது, உள்ளே 24 பக்கம், 135 கிராம் கூஷே மேட் (மினுக்கில்லாத பூச்சுள்ள) தாள், இருபுறமும் நான்கு வண்ணம், அட்டை 4 பக்கம், 250 கிராம், வெளிப்புறம் மேட் லேமினேஷன், மடிப்புக்கு முன் கோடழுத்தம், நடுவில் இரண்டு பின், 500 பிரதி, 800 பிரதி இரண்டுக்கும் தனி விலை, தயார் பிடிஎஃப் தரப்படும், அச்சிட்ட மாதிரி ஒன்று, கோவிலில் கொண்டுவந்து இறக்குவது உட்பட, 15 விழுக்காடு டிவிஏ (மதிப்புக்கூட்டு வரி) சேர்ந்ததா இல்லையா. 500 என்பது டிஜிட்டலா ஆஃப்செட்டா என்று இழுபறியாகும் எண்ணிக்கை. ஆஃப்செட்டில் தகடும் இயந்திரத்தைத் தயார் செய்வதும்தான் செலவு, அதற்குமேல் ஒவ்வொரு நூறும் மலிவு. அதனால்தான் இரண்டு எண்ணிக்கைக்குக் கேட்கச் சொல்கிறேன். கோடழுத்தம் என்பதை விட்டுவிடாதீர்கள், 250 கிராம் அட்டையை அப்படியே மடித்தால் முதுகில் மை வெடித்து வெள்ளைக்கோடு தெரியும்.

காலக்கணக்கு மொரீஷியஸில் தனிப்பாடு. தைப்பூசம் சனவரி, பிப்ரவரியில் வருகிறது, மலரும் அழைப்பிதழும் கொடியேற்றத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். டிசம்பரில் அச்சகங்கள் நாட்காட்டி, டைரி வேலையில் மூழ்கியிருக்கும். கிறிஸ்துமஸிலிருந்து சனவரி 2 வரை பல கதவுகள் மூடியே இருக்கும். திறந்தால் புயல் காலம், மூன்றாம் எச்சரிக்கை வந்தால் வேலை நிற்கும். தாள் கப்பலில் வருவது, கையிருப்பில் இல்லாத தாளைக் கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். நவம்பர் கடைசிக்குள் விலை முடித்து, டிசம்பர் முதல் வாரத்தில் கோப்பைக் கொடுத்துவிடுவது நிம்மதி.

பிறகு வருவது 'போன் ஆ திரே', அச்சிடச் சம்மதம் தரும் கையெழுத்து. போட்டுவிட்டால் பிழை உங்கள் கணக்கு. திரையில் பார்த்துவிட்டுப் போடாதீர்கள், மடித்துப் பின்னடித்த மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் தெரிந்த இருவர், ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க மற்றவர் மாதிரியைப் பார்க்கட்டும். நன்கொடையாளர் பட்டியல்தான் சண்டை வரும் இடம். ஒரே முருகன் அங்கே ரோமன் எழுத்தில் மூர்கென், மூரூகன் என்று பலவிதமாக எழுதப்படுகிறார். தமிழ் வடிவத்தை ஊகிக்காமல் அந்தந்தக் குடும்பத்தையே கேளுங்கள், ரோமன் வடிவத்தை அடையாள அட்டையில் இருக்கிறபடி போடுங்கள். நட்சத்திர நேரத்தை இந்தியப் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்திருந்தால் ஒன்றரை மணி கழித்தீர்களா என்று பாருங்கள். ராகுகாலம் அப்படிக் கழித்து வராது, அது உள்ளூர்ச் சூரிய உதயத்தைப் பிடித்தது. அட்டையில் மொழிகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதையும் குழு முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளட்டும். 1998-இல் ரூபாய்த் தாளில் தமிழுக்கு முன்னால் நாகரி எழுத்து வந்து, எதிர்ப்புக் கிளம்பி, அந்தத் தாள்களையே திரும்பப் பெற்ற ஊர் அது.

கட்டுகள் வந்து இறங்கும்போது மேலே இருக்கும் பிரதியை மட்டும் புரட்டிவிட்டுக் கையெழுத்திட வேண்டாம். ஒவ்வொரு கட்டிலும் நடுவிலிருந்து இரண்டு உருவி, 12-ஆம் 13-ஆம் பக்கம் எதிரெதிரே விழுகிறதா, பின் மடிப்பின்மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கட்டைப் பிரிக்காமல் உலர்ந்த அறையில், தரையில் படாமல், படுக்கையாக அடுக்கி வையுங்கள். சனவரி ஈரத்தில் ஒருபுறம் மட்டும் லேமினேஷன் செய்த அட்டை பிரித்துப்போட்டால் ஒரே இரவில் சுருண்டுகொள்ளும்.